கரடியின் மூக்குப் புண்ணும் முள்ளியின் மேல் வந்த சந்தேகமும்

கல்லாத்துக் காட்டில் மொந்தன் என்றொரு கரடி இருந்தான். பகலெல்லாம் குகையில் தூங்குவான். படுத்தால் குறட்டை. நடுநடுவே மூச்சே நின்றுபோகும்!

மரங்கொத்தி வைத்தியர் ஒரு வழி செய்தார். மூக்கை மூட நார்க்கயிறு கட்டிய ஒரு சிரட்டை, அதில் ஒரு மூங்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஒரு துருத்தி. பக்கத்து வளை முள்ளம்பன்றி முள்ளி துருத்தியை மிதிப்பாள். காற்று மொந்தனின் மூக்குக்குள் போகும்.

"இது இல்லாம தூங்காதே, உயிருக்கு ஆபத்து!" என்றார் வைத்தியர்.

நாலாம் நாள் மொந்தனின் மூக்கு சிவந்தது. ஆறாம் நாள் தோல் உரிந்து எரிந்தது. அவனுக்கு எது வர நேரமானாலும் சந்தேகம் மட்டும் உடனே வந்துவிடும்.

"முள்ளி! சிரட்டையில அரிப்பெடுக்கிற பூனைக்காலிச் சுணையைத் தானே தடவுற?"

"நான் எதுக்கு அண்ணே தடவணும்? மிதிச்சு மிதிச்சு எனக்குக் கால்தான் வீங்குது!"

"ஓகோ! அந்தக் கோபத்தைத்தான் என் மூக்குல காட்டுறியா!"

அன்று முதல் சிரட்டையை அவள் தொடாதபடி கட்டிப்பிடித்துக்கொண்டே திரிந்தான். புண்ணுக்கு இலுப்பெண்ணெயை அப்பினான். எண்ணெயில் சிரட்டை வழுக்கியது. ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கசிந்தது. நார்க்கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டினான். மறுநாள் புண் பெரிதானது.

"நான் காவல் காத்தும் வேலையைக் காட்டிட்டாளே, எமகாதகி! போ வெளியே!"

முள்ளி அழுதுகொண்டே வெளியேறினாள். மொந்தன் சிரட்டையை மூலையில் வீசிவிட்டுப் படுத்தான்.

ஆனால் முள்ளிக்கு வளைக்குப் போக மனம் வரவில்லை. குகை வாசலிலேயே உட்கார்ந்து குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று குறட்டை நின்றது. வெகுநேரமாகியும் திரும்ப வரவில்லை. பதறிப்போய் உள்ளே ஓடினாள். தன் முதுகைத் திருப்பி முள்ளால் அவன் உள்ளங்காலில் நறுக்கென்று ஒரு குத்துக் குத்தினாள்!

"ஐயோ! கொலை! கொலை!" மொந்தன் மூச்சு வாங்க எழுந்து அலறினான்.

சத்தம் கேட்டு வைத்தியர் பறந்து வந்தார்.

"பாத்தீங்களா வைத்தியரே! மூக்கைக் கெடுத்தா, இப்போ காலையும் குத்திட்டா!"

"குறட்டை நின்னு மூச்சே வரலை வைத்தியரே, அதான் குத்தினேன்!" என்றாள் முள்ளி.

வைத்தியர் புண்ணை உற்றுப் பார்த்தார். "சிரட்டையை எப்படி மாட்டுவே? செஞ்சு காட்டு."

மொந்தன் செய்து காட்டினான். தேனடை தின்ற முகம் கழுவாமல் இருந்தது. அதன்மேல் எண்ணெய். சிரட்டைக்குள் பல நாள் பிசுக்கு. கயிற்றைக் கண் பிதுங்குமளவுக்கு இறுக்கினான்.

"முகம் கழுவலையா?"

"கழுவினா தூக்கம் கலைஞ்சிடுமே!"

"எண்ணெய் வெச்சது யாரு?"

"நான்தான்."

"கயித்தை இப்படி இறுக்கினது?"

மொந்தனின் குரல் இறங்கியது. "அதுவும்... நான்தான்."

"தினமும் சிரட்டையையும் முகத்தையும் கழுவித் துடை. படுக்கும்போது எண்ணெய் வேண்டாம். காத்து கசியாத அளவுக்குக் கட்டினா போதும். ஓரத்துல இலவம்பஞ்சு வெச்சுத் தர்றேன், புண் ஆறிடும்" என்றார் வைத்தியர். "இன்னொண்ணு. இவ குத்தலேன்னா நீ இன்னிக்கு எழுந்திருக்கவே மாட்டே!"

மொந்தனுக்கு வெட்கமாகிவிட்டது. குத்துப்பட்ட காலைத் தடவிக்கொண்டே கேட்டான்: "முள்ளி, மறுபடியும் துருத்தி மிதிப்பியா?"

"மிதிக்கிறேன். முதல்ல போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா!"

தன் கை செய்யும் தவறைப் பார்க்காமல் அடுத்தவர்மேல் சந்தேகப்படுகிறவன், தன் உயிரைக் காக்கும் துணையையே விரட்டிவிடுவான்.