இசக்கியப்பன் மீசைக்கு வந்த சிரிப்பு

ஏரல் கடைவீதியில் மாசானத்தின் சலூனில் முகம் மழித்துக்கொள்வது லேசு. சிரிக்காமல் மழித்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

அன்றைக்கு நாற்காலியில் மாட்டிக்கொண்டவன் இசக்கியப்பன். சாயங்காலம் சாத்தான்குளத்துக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெண் சொன்ன ஒரே வார்த்தை, "மீசை நல்லாருக்கு." அதனால், "அண்ணே, மீசையில ஓரம் மட்டும் ஒதுக்குங்க. அப்ப மட்டும் வாயத் தொறந்திராதிய" என்று கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"நான் எங்கடே பேசுதேன்?" என்றான் மாசானம், கத்தியைத் தீட்டிக்கொண்டே. "நான் பேசுனா ஊரு தாங்காதுல்லா! போன கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக்காரர் வரல. நான் மேடையேறி ஒரே ஒரு சமாச்சாரம் சொன்னேன். சனம் சிரிச்ச சிரிப்புல பந்தல் பறந்துபோயி, பக்கத்து ஊரு கல்யாண வீட்டுல எறங்கிட்டு. பந்தல் செலவு மிச்சம்னு கல்யாண வீட்டுக்காரவ எனக்கு வேட்டி எடுத்துக் குடுத்தாவ."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜேசுமணி அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. "பந்தக்காலும் பறந்துச்சோ?"

"அதெப்படி அண்ணாச்சி பறக்கும்? கால் நட்டது நம்ம ஊரு மண்ணுல்லா."

இசக்கியப்பனுக்கு வயிறு குலுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டான். மாமனாராகப் போகிறவரின் உர்ரென்ற முகத்தை நினைத்துப் பார்த்தான். கத்தி மேலுதட்டுக்கு வந்துவிட்டது.

"அத விடுங்க. ஒரு வீட்டு வாசப்படிய மிதிக்காமலே அந்த வீட்டையே சிரிக்க வைப்பேன் நானு."

"புளுகாதடே" என்றார் அண்ணாச்சி.

"புளுகா? கடக்கரை ஓரமா ஒரு ஊரு. மழை தண்ணி இல்ல, குளம் வறண்டு கெடக்கு. கரையில நின்னு பேசச் சொன்னாவ, பேசுனேன். சனம் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி கொட்டி, குளம் நெறஞ்சு மறுகால் பாஞ்சிட்டு!"

அண்ணாச்சி இப்போதுதான் பேப்பரை மடித்தார். ஆள் வசமாகச் சிக்கிவிட்டான். "கண்ணீருன்னா உப்புக் கரிக்குமேடே. அத வச்சு எப்படி வெள்ளாமை பாத்தானுவ?"

மாசானம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பாத்தி கட்டி உப்புல்லா வெளைய வச்சானுவ! நம்ம பக்கத்து உப்பளமெல்லாம் பின்ன எப்படி வந்துச்சுன்னு நெனச்சிய?"

அவ்வளவுதான். இசக்கியப்பன் அடக்கி வைத்திருந்த அத்தனை சிரிப்பும் ஒரே மூச்சில் வெடித்தது. நுரை கண்ணாடியெல்லாம் தெறித்தது. தலை ஒரு பக்கம் போனது, கத்தி ஒரு பக்கம் போனது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். இடப்பக்கம் மீசை இருந்தது. வலப்பக்கம் வெறும் உதடு.

"அய்யய்யோ! என் கல்யாணம் போச்சே அண்ணே!"

மாசானம் கத்தியை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

அண்ணாச்சி எழுந்து வந்து அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"ஒன்னய நம்பாதது என் தப்புதாம்டே மாசானம்" என்றார். "இன்னிக்குச் சாயங்காலம் சாத்தான்குளத்துல, நீ வாசப்படிய மிதிக்காமலே ஒரு வீடே சிரிக்கப் போவுது."