குளத்தில் நின்ற இரண்டு நாரைகள்

ஒரு ஊரில் ஒரு குளம் இருந்தது. அதைச் சுற்றி நடைபாதை போட்டு, அழகுக்கென்று சிமெண்டில் ஒரு முதலையும் ஒரு நாரையும் செய்து தண்ணீரோரமாக நிறுத்தினார்கள். முதலை பாவம், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

காவலாளி சூசை விடுப்பு முடிந்து வந்த காலையில் அதைப் பார்த்து அலறி, தீயணைப்பு வண்டியை வரவழைத்துவிட்டார். ஐந்து பேர் கயிறு போட்டு இழுத்ததில் வால் உடைந்து, உள்ளேயிருந்த கம்பி இளித்தது. ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவர் ‘முதலை சூசை’. மனுஷன் தலைநிமிர்ந்து நடப்பதையே விட்டுவிட்டார்.

கரையில் ஒரு பலகையும் நட்டார்கள்: ‘இங்கே இருப்பவை பொம்மைகள். யாருக்கும் தகவல் சொல்ல வேண்டாம்.’

“எங்களையும் நிஜமென்று நம்பிவிட்டார்கள், பார்த்தாயா!” என்று சிமெண்ட் நாரை பூரித்தது.

“இனிமேல் நம்ப மாட்டார்கள். அதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்” என்றது பலகை.

ஒரு நாள் காலையில் நிஜ நாரை ஒன்று வந்து இறங்கியது.

“நீ பயமில்லாமல் நிற்கிறாயே, அதைப் பார்த்துத்தான் இறங்கினேன்” என்றது.

சிமெண்ட் நாரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் பொம்மை என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை. வந்த நாரை பக்கத்தில் நெருங்கி நின்றது. சிமெண்ட் கால்களில் யாரோ விட்டுப்போன தூண்டில் நரம்பு சிக்கிக் கிடந்தது. அது நாரையின் காலையும் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது.

“ஐயோ, அசையாதே! அசைந்தால் அறுக்கும். என்னைப் போல நில்” என்றது சிமெண்ட் நாரை. அதற்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

நாரை அப்படியே நின்றது.

மாலையில் நடக்க வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். “ஏங்க, இது நெசம் மாதிரியில்லா இருக்கு?”

“பலகையப் படி. நாளைக்கு நம்மளயும் முதலைம்பானுவ. பேசாம வா” என்றான் புருஷன்.

“பலகையே, கொஞ்சம் உன் வாயை மூடேன். ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது” என்று சிமெண்ட் நாரை கெஞ்சியது.

“நான் எழுதினேனா? எழுதியவர்களைக் கேள்” என்றது பலகை.

மறுநாள் சூசை வந்தார். ஒன்றுக்கு இரண்டாக நாரை நிற்பதைப் பார்த்து, இன்னொரு பொம்மையும் செய்து வைத்துவிட்டார்கள் போல என்று நினைத்தார். அப்போது காற்றில் ஓர் இறகு சிலிர்த்ததைக் கண்டு நின்றார். செல்போனை எடுத்தார். சற்றுநேரம் அதையே பார்த்தார். “வேண்டாம்டா சாமி, பட்டது போதும்” என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“அசை! இப்போது அசை! சிறகை அடி!” என்று கத்தியது சிமெண்ட் நாரை.

நாரைக்குச் சிறகைத் தூக்கத் தெம்பில்லை. “நீ மட்டும் எப்படி இவ்வளவு நாளாகப் பசி பொறுக்கிறாய்?” என்று மெதுவாகக் கேட்டது.

வெட்கம் சிமெண்ட் நாரையைப் பிடுங்கித் தின்றது.

மூன்றாம் நாள் காலையில் நாரை தண்ணீரில் சாய்ந்தது. “சிமெண்டு வேலை செஞ்ச லட்சணம்!” என்று முனகிக்கொண்டே சூசை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். நல்ல கனம் இருக்கும் என்று காலை ஊன்றி, மூச்சை அடக்கி, இரண்டு கையாலும் தூக்கினார்.

கனமே இல்லை. வெதுவெதுவென்று இருந்தது.

“ஏய், யாராவது வாங்கய்யா! இது நெசம்! உசுரு இருக்கு!”

நடைபாதையில் சிரிப்பு எழுந்தது. “முதலை சூசை மறுபடியும் ஆரம்பிச்சிட்டாருவே!” யாரும் நடையை நிறுத்தவில்லை.

சூசை இன்னொரு முறை கூப்பிடவில்லை. கையிலிருந்த சூடு ஆறும்வரை அசையாமல் தண்ணீரிலேயே நின்றார்.