ஏகப்பன் கடைக் கொசுறு

நெல்லைக் கொடுத்துச் சாமான் வாங்கிய காலம் அது. மருதவேலி என்றொரு ஊர். அந்த ஊரில் வடிவாச்சி என்றொரு பெண். அவள் வீட்டில் சாப்பிட ஒன்பது வாய், உழைக்க நாலு கை, பால் கறக்க ஒரே ஒரு பசு. பசுவின் பெயர் சிட்டு.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். சித்திரை முதல் நாள் எந்தக் கடையில் மஞ்சள் வாங்குகிறார்களோ, ஆண்டு முழுக்க அந்தக் கடையில்தான் உப்பு, புளி, எண்ணெய் எல்லாமே. வேறு கடை வாசலை மிதித்தால் குடும்ப மானம் போய்விடுமாம்! வடிவாச்சி வீட்டுக்கு ஏகப்பன் கடை. போனால் சிரித்துப் பேசுவார், ஒரு கை வெல்லத்தைக் கொசுறாகப் போடுவார். வெல்லம் வாயில் கரையும்போது விலை கேட்க யாருக்குத் தோன்றும்?

ஆண்டுதோறும் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நெற்குதிர் காலியாகிவிடும். இந்தத் தடவையும் காலியானால் சிட்டுவை விற்றுவிடுவது என்று அவள் புருஷன் கோட்டையன் முடிவு கட்டிவிட்டான். அவர்களுடைய கடைக்குட்டிக்கு அந்தப் பால்தான் ஆகாரம். வடிவாச்சி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அறுவடை வரைக்கும் குதிர் என் பொறுப்பு. அதுக்குள்ள தீர்ந்துச்சுன்னா நானே கயித்தை அவிழ்த்துத் தர்றேன்" என்றாள்.

அன்றைக்கே அளக்கும் படியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் ஆற்றுத்துறையில் நிற்கும் உப்பு வண்டிக்குப் போனாள். ஏகப்பன் கடையில் ஒரு படி உப்புக்குக் கொடுக்கும் நெல்லுக்கு அங்கே இரண்டு படி கிடைத்தது. இரண்டாவதாகச் செக்கடிக்குப் போனாள். எண்ணெய் பாதி விலைதான். ருசி கண்டபின் விடுவாளா? மூன்றாவதாக மிளகாய் வாங்க மலையடிவாரச் சந்தைக்கே போய்விட்டாள். மிளகாய் சல்லிசுதான். ஆனால் விடியலில் போனவள் பொழுது சாயத்தான் திரும்பினாள். அன்றைய களையெடுப்புக் கூலி போச்சு, காலும் வீங்கிப் போச்சு. தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மிளகாயை ஏகப்பன் கடையிலேயே வாங்கினாள். பருப்பும் அங்கேதான், ஊரிலேயே மலிவு அது.

ஊர் சும்மா இருக்குமா? கொசுறு தின்ற நன்றியில்லாதவள் என்று கிணற்றடியில் பேசினார்கள். கோட்டையனும் வெட்கப்பட்டு, போதும் நிறுத்து என்றான். அவள் அழுதாள். அழுதுவிட்டு மறுநாளும் படியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஒருநாள் உப்பு வண்டி அருகே தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். பார்த்தால் ஏகப்பன்!

"உங்க கடையிலேயே மூட்டை மூட்டையா உப்பு இருக்கே, அண்ணாச்சி?"

ஏகப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். "அது நாலு கை மாறி வந்த உப்பு, தாயி. எங்க அப்பா காலத்துலேர்ந்து ஒரே ஆளுகிட்டதான் கொள்முதல், மாத்தினா மானம் போயிடும். ஆனா வீட்டுச் சமையலுக்கு அந்த விலை கட்டுமா?"

வடிவாச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்று முதல் படியைத் தலையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள்.

அறுவடை நாள் வந்தது. கோட்டையன் குதிருக்குள் கையை விட்டான். பழைய நெல் வந்தது. மறுபடி விட்டான், வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. நேராகத் தொழுவத்துக்குப் போய்ச் சிட்டுவின் கயிற்றை அவிழ்த்தான். வடிவாச்சி பின்னாலேயே ஓடினாள். அவனோ பசுவைக் களத்துக்கு ஓட்டிப்போய்ப் புதுவைக்கோலின் முதல் கட்டை அதன் முன்னால் பிரித்துப் போட்டான்.

அடுத்த சித்திரை முதல் நாள் படியைக் கையில் எடுத்தவனும் அவன்தான். "இன்னைக்கு எந்தக் கடைக்கு முதல்ல போகணும்?" என்று பெண்டாட்டியைக் கேட்டான்.

ஆகையால் பிள்ளைகளே, பெரியவர்களே, வீட்டுச் சாமான் வாங்கும்போது கொசுறைப் பார்க்காமல் விலையைப் பார்த்து நாலு கடை ஏறி இறங்குங்கள், நடக்கிற தூரத்தையும் அந்த விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.