அது சொல்லி முடிக்கட்டும்

குருவுக்கு நம்பிராஜனுடைய மகள் வயதுதான் இருக்கும்.

பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நம்பிராஜன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாடியேறி வந்து, மூச்சு வாங்க நின்று, "எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தருவியளா?" என்று கேட்டார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"வீட்டுல இருக்க முடியல டீச்சர்."

ஹெப்சிபா மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அவர் சீடர்.

வீட்டில் இருக்க முடியாததற்குக் காரணம் வடிவு. அவர் மனைவி. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாய் லேசாகக் கோணியிருந்தது. பேச்சு போகவில்லை, ஆனால் சொல் தொண்டையில் வந்து நின்றுகொள்ளும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தெருவில் ஒரு பஸ்ஸே போய்விடும். அந்த இடைவெளிதான் நம்பிராஜனுக்குத் தாங்காது.

"அந்த..." என்பாள் வடிவு.

"தண்ணியா?" என்பார்.

அவள் இல்லை என்று தலையசைப்பாள். "அந்த... அந்த..."

"மாத்திரையா? போர்வையா? அக்காவக் கூப்பிடணுமா?"

ஒருநாள் காலையில் இப்படியே கேட்டுக்கொண்டு போனார். வடிவு வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. பகலில் அவளுடைய அக்கா வந்து கூட இருப்பாள். நம்பிராஜன் கடைக்கு வந்துவிடுவார். இதையெல்லாம் ஹெப்சிபாவிடம் ஒருநாள் அவரே சொல்லியிருந்தார்.

கடையில் அவர் அடிக்கடி கேட்பது ஒரே கேள்வி. "மெமரி மெமரின்னு சொல்லுதாவளே, அது என்ன டீச்சர்?"

"வேலை வரும்போது சொல்லுதேன் அண்ணாச்சி."

வேலை வந்தது. ஆட்டோக்காரர் ஒரு பழைய சிபியுவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர, பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி கனகமணி ஏறி வந்தார். பார்வை இல்லாதவர். பார்வை இல்லாத பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். பிள்ளைகளுக்காகக் கதைகளும் எழுதுவார். எழுதினதை அந்தக் கம்ப்யூட்டர் அவருக்கு வாசித்துக் காட்டும். இப்போது வாசிப்பு நடுநடுவே நின்றுவிடுகிறதாம்.

"இன்னைக்கு மத்தியானம் பிள்ளைங்களுக்குப் புதுக் கதை சொல்லணும். அதுக்கு முன்னால ஒருக்கா முழுசாக் கேட்டாப் போதும்."

இணைப்புக் கொடுத்தார்கள். பெட்டி வெகுநேரம் உறுமிவிட்டுக் கண் விழித்தது. ஸ்பீக்கரில் ஒரு குரல் எழுந்தது.

"மழை விட்டதும் முத்து..."

குரல் நின்றது.

"பள்ளிக்கூடம் போனான்," என்றார் நம்பிராஜன்.

கனகமணி முகத்தைத் திருப்பினார். "அண்ணாச்சி, அது சொல்லட்டும்."

"எங்க சொல்லுது? நின்னுட்டுல்லா?"

"சொல்லும். நீங்க பேசினா, அது பேசுறது எனக்குக் கேக்காது."

நம்பிராஜன் வாயை மூடிக்கொண்டார். விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது.

"...லட்சுமி வாசலில் வந்து நின்றாள்," என்றது குரல்.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நம்பிராஜனுக்கு முகம் சுருங்கியது.

"டீச்சர், இது ரொம்பப் பழசு. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லலாமே," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும் அண்ணாச்சி," என்றார் ஹெப்சிபா.

கனகமணிக்குக் கோபமில்லை. "எனக்குப் பழகின பெட்டி. எங்க நிக்கும், எங்க எடுக்கும்னு தெரியும். கொஞ்சம் தெம்பு குடுத்தாப் போதும்."

ஹெப்சிபா பெட்டியைத் திறந்தார். உள்ளே தூசி மெத்தைபோல் படிந்திருந்தது. ஊதித் துடைத்ததும் பச்சைப் பலகை தெரிந்தது. ஒரு மெமரி அட்டை நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்துக் குழி காலியாக இருந்தது.

"இன்னொண்ணு போட இடம் இருக்கு," என்றார்.

நம்பிராஜன் காத்திருக்கவில்லை. இழுப்பறையிலிருந்து பளபளவென்று ஓர் அட்டையை எடுத்துக் குழியில் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. கட்டைவிரலைக் கொடுத்து இன்னும் அழுத்தினார். பலகை வளைந்து கிறீச்சிட்டது. ஹெப்சிபா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இந்த அட்டையில வெட்டு எங்க இருக்கு, பாருங்க. குழியில மேடு எங்க இருக்கு?"

இரண்டும் நேராக இல்லை.

"இது புதுசு. நல்லதுதான், வேகமும் கூட. இந்தப் பலகைக்குச் சேராது."

"கொஞ்சம் அமுக்கினா?"

"உடையும்."

"எது உடையும்?"

"அமுக்குற விரலுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி."

அந்தக் காலத்து அட்டை ஜங்ஷனில் ஒரு நண்பரிடம் இருந்தது. மறுநாள்தான் வரும். அதுவரை என்ன செய்வது? ஹெப்சிபா பெட்டியை மூடாமலே மீண்டும் போட்டார். பெட்டி விழித்தபோதே கூடவே விழித்துக்கொண்ட ஒவ்வொன்றையும் நிறுத்தினார். கடிகாரம், காலண்டர், தானாகத் தேடுவது, தானாகப் புதுப்பிப்பது, யாருக்கும் வேண்டாத நாலைந்து. கடைசியில் கதையும் அதை வாசிக்கும் குரலும் மட்டும் மிஞ்சின.

குரல் மெதுவாகத் தொடங்கியது. அங்கங்கே மூச்சு வாங்கியது. ஆனால் ஒரு சொல்லையும் பாதியில் உடைக்காமல் முத்துலட்சுமியின் கதையைக் கடைசிவரை சொல்லி முடித்தது. கனகமணி கண்களை மூடி, உதடசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்தார். "போதும். இனி நான் சொல்லிருவேன். பெட்டி இங்கயே இருக்கட்டும்."

அவர் இறங்கிப் போனதும் நம்பிராஜன் கேட்டார். "என்ன டீச்சர் போட்டிய?"

"ஒண்ணும் போடல. இருந்ததைக் கொஞ்சம் எடுத்தேன்."

"அப்ப மெமரின்னா என்னதான் டீச்சர்?"

ஹெப்சிபா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கடையின் பின்சுவர் முழுக்க உதிரிப் பொருள்கள் அடுக்கிய அலமாரி. எது எங்கே இருக்கிறது என்று நம்பிராஜனுக்கு இதற்குள் மனப்பாடம்.

"அண்ணாச்சி, அந்தக் கறுப்பு வயரை எடுங்க."

அவர் எழுந்து போனார். கை வைப்பதற்குள் ஹெப்சிபா, "வேண்டாம், விசிறியா? விசிறியை எடுங்க," என்றார். விசிறியை எடுத்தார். "கீபோர்டு எடுத்தாச்சா? இல்ல, மவுஸா? சரி, அந்த டப்பா. டப்பா வேண்டாம், பேட்டரி. என்ன அண்ணாச்சி, நிக்கிய?"

நம்பிராஜன் அங்கும் இங்கும் ஓடினார். அக்குளில் கீபோர்டு. ஒரு கையில் விசிறி. மறு கையில் வயர் சிக்கி, டப்பா கீழே விழுந்து திருகாணிகள் தரையெல்லாம் உருண்டன.

"பேட்டரியா? வயரா? எதுன்னு சொல்லுங்க!" என்று ஹெப்சிபா விடாமல் கேட்டார்.

"டீச்சர்!" நம்பிராஜன் கத்திவிட்டார். "எல்லாம் இங்கதான் இருக்கு. ஒண்ணும் தொலைஞ்சு போகல. ஒண்ணொண்ணாக் கேளுங்க. எடுத்துத் தர எனக்கு நேரம் குடுங்க!"

ஹெப்சிபா நிறுத்திக்கொண்டார்.

கடையில் சத்தம் அடங்கியது. தான் சொன்ன சொற்கள் நம்பிராஜனின் காதுக்கு இப்போதுதான் எட்டின. கீபோர்டு அக்குளிலேயே இருந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியது.

"வடிவு..." என்றார். அதற்குமேல் வரவில்லை.

ஹெப்சிபா காத்திருந்தார். பிறகு தரையில் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினார். "எனக்கு வைத்தியம் தெரியாது அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க. மீதியை நான் எடுத்து வைக்கேன்."

அவர் வீட்டுக்குப் போனபோது வடிவு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அடுப்படியில் இருந்தாள். நம்பிராஜன் ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தல்லா? இப்பச் சொல்லு. நான் வாயத் திறக்கல."

வடிவு அவரைப் பார்த்தாள். நம்பவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. தெருவில் பஸ் போயிற்று. சைக்கிள் மணி கேட்டது. அடுப்படியில் தாளிக்கிற சத்தம் வந்து அடங்கியது.

"அந்த..." என்றாள்.

தண்ணி என்ற சொல் அவர் நுனிநாக்கில் வந்து நின்றது. விழுங்கினார். மாத்திரை என்ற சொல் வந்தது. அதையும் விழுங்கினார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த... ஜன்னல..."

சாத்தணுமா என்று கேட்க வாயெடுத்தவர், உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. அவள் கோணின வாயைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர்தான் சாத்தி வைத்தார். அவளுக்கு அதுதான் நல்லது என்று நினைத்திருந்தார்.

"...சாத்தாதிய."

வடிவின் நெற்றியில் வியர்த்திருந்தது. சொல்ல இன்னும் இருந்தது. அவர் காத்திருந்தார்.

"நான்... ஆளுவளப்... பாக்கணும்."

நம்பிராஜன் எழுந்து கொக்கியை நீக்கினார். கதவு இறுகியிருந்தது. தட்டித்தட்டித் திறந்தார். வெளிச்சம் கட்டில்வரை வந்தது. பூக்காரி கூடையோடு போய்க்கொண்டிருந்தவள் நின்று, "ஏ வடிவக்கா! எத்தனை நாளாச்சு உங்களப் பாத்து!" என்று ஜன்னலை நோக்கி ஓடி வந்தாள். வடிவு இடது கையைத் தூக்கினாள். கோணின வாயோடே சிரித்தாள்.

மறுநாள் அட்டை வந்தது. நம்பிராஜன்தான் பொருத்தினார். வெட்டையும் மேட்டையும் சேர்த்துப் பார்த்தார். இரு முனையிலும் விரல் வைத்து ஒரே சீராக அழுத்தினார். இரண்டு பக்கமும் 'டக்'கென்று கவ்விக்கொண்டது. கனகமணி வந்து கேட்டார். குரல் எங்கும் நிற்காமல் மடமடவென்று ஓடியது.

"அம்மாடி, இந்த ஓட்டம் ஓடுதே! கொஞ்சம் மெதுவாக்கிக் குடுங்க அண்ணாச்சி, எனக்குப் புரியண்டாமா?" என்று சிரித்தார். நம்பிராஜன் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தார். ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

கடையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"டீச்சர், வடிவு பேசினா," என்றார் நம்பிராஜன். நடந்ததை எல்லாம் சொன்னார். ஹெப்சிபா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"இனி நல்லாப் பேசிருவாளா டீச்சர்?"

"தெரியல அண்ணாச்சி. அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"ஜன்னல் பக்கத்துல உக்கார வச்சிட்டு வந்தேன். அக்கா சமையல்ல இருப்பா."

ஹெப்சிபா அவரை ஏறிட்டுப் பார்த்தார். குரலில் கண்டிப்பு இல்லை. அப்பாவிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"இந்நேரம் அவங்களுக்கு ஒரு சொல் வந்துக்கிட்டு இருந்தா, பக்கத்துல யாரு இருக்கா அண்ணாச்சி?"

நம்பிராஜன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.