வரப்போகும் நெல்லில் ஒரு விருந்து

ராஜாக்கள் மலிந்து கிடந்த காலத்தில், ஓங்கல் நாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அந்த நாடு சீக்கிரமே பெரிய நாடாக ஆகப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ராஜாவின் தாத்தா காலத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆகப்போகிற நாட்டில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இன்றைக்குச் சாலை குண்டும் குழியுமாகக் கிடப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்தச் சபையில் வருங்காலத்துக்கென்றே ஓர் அமைச்சர் இருந்தார். பெயர் அம்பலவாணர். தை மாதம் பிறந்ததும் சபையில் எழுந்து, விளைச்சல் எப்படியிருக்கும், வியாபாரம் எப்படியிருக்கும் என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். நெல் கொழிக்கும் என்றார், வெட்டுக்கிளி வந்தது. கப்பல் குவியும் என்றார். அந்த வருடம் கரையில் ஒரு பாய்மரம்கூடத் தெரியவில்லை. அவர் மனைவி வடகம் பிழியும் முன், "ஏங்க, இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்பாள். "வரும்" என்று அவர் சொன்னால் நிம்மதியாக முற்றத்துக்குப் போவாள். அம்பலவாணருக்கு இதில் கோபமே கிடையாது. தன் கணிப்பைத் தானே நம்பாத கணிப்பாளர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர் ஆசனத்தின்மேல் ஒருவருக்குக் கண். கீர்த்திசாகரர் என்ற சபைப் பண்டிதர். 'தப்பாகச் சொல்லியே சாப்பிடுகிறாரே, அதை நான் செய்ய மாட்டேனா?' என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

இப்படியிருக்கையில் கடல் கடந்த தேசத்து வணிகர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. எந்த நாடு முன்னுக்கு வரும் என்று பார்த்து, அங்கே பெரிய துறைமுகம் கட்டுவார்களாம். கீர்த்திசாகரர் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா! இன்னும் பத்தே வருடத்தில் நம் நாட்டில் மாட்டுக்கொட்டகைக்குக்கூடப் பொன்னால் ஓடு வேய்வார்கள். அதை வணிகர்கள் கண்ணால் பார்க்க வேண்டாமா? ஊர் முழுக்க விருந்து வைப்போம்!"

"அவ்வளவு நெல்லுக்கு எங்கே போவது?" என்றார் ராஜா.

"குடியானவர்கள் விதைநெல் வைத்திருக்கிறார்களே! அதைக் குத்திப் பொங்குவோம். துறைமுகம் வந்ததும் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்தால் போயிற்று."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அம்பலவாணரே, நீர் என்ன சொல்கிறீர்?"

நாட்டின் எதிர்காலத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களை எல்லைக் காட்டுக்கு அனுப்புவது ராஜாவின் வழக்கம். முந்தைய அமைச்சர் இன்னும் அங்கேதான் கரடிகளுக்கு நடுவில் இருக்கிறார். விதைநெல் போனாலோ, ஆடியில் விதைக்க ஒரு மணி இருக்காது, நாடே பட்டினி. வேண்டாம் என்றால் கரடி, சரி என்றால் பஞ்சம்.

"பிரமாதமான யோசனை, மகாராஜா!" என்றார் அம்பலவாணர். "நான் சொல்லியிருந்தால்தான் பயப்பட வேண்டும். சொன்னவர் பண்டிதர். ஆனால் குடியானவர்கள் நம்ப வேண்டுமே? அரண்மனை முதலில் வழிகாட்டட்டும். நாளைப் பகல் சாப்பாட்டை வரப்போகும் விளைச்சலிலேயே வைத்துக்கொள்வோம். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு."

"பலே!" என்றார் ராஜா. விஷயம் அவருக்குப் புரியவில்லை. கேட்கக் கம்பீரமாக இருந்தது.

மறுநாள் சபையே பசியோடு பந்தியில் உட்கார்ந்தது. வாழையிலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். சமையற்காரர் காலி அண்டாவோடு வந்து, அகப்பையால் ஒன்றுமில்லாததை அள்ளி ஒவ்வோர் இலையாக வைத்துக்கொண்டே போனார்.

"இது அடுத்த தை அறுவடைச் சோறு, மகாராஜா," என்றார் அம்பலவாணர். "நெய், இனிமேல் பிறக்கப்போகும் கன்று வளர்ந்து, அதனிடம் கறந்த பாலில் கடைந்து உருக்கியது. சூடாக இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்கள்."

"என்னய்யா விளையாட்டு இது?" என்றார் ராஜா.

"விருந்துக்கு யோசனை சொன்னவர்தான் முதல் கவளத்தை ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதானே நம் அரண்மனை வழக்கம்? பண்டிதர் சொல்லட்டுமே."

இலையில் ஒன்றுமில்லை என்று சொன்னால் தன் பொன்னோடும் இல்லையென்று ஆகிவிடும். கீர்த்திசாகரர் வெறும் இலையைப் பிசைந்தார், உருட்டினார், வாயில் போட்டு மென்றார். "ஆகா... உப்பு சரியாக இருக்கிறது."

"இன்னும் கொஞ்சம் ரசம்?" என்றார் அம்பலவாணர்.

"போதும், போதும். வயிறு நிறைந்துவிட்டது."

அந்தச் சமயம் பார்த்து அவர் வயிறு கூடம் அதிரக் கத்தியது. சற்றுப் பொறுத்து ராஜாவின் வயிறும் அதற்குப் பதில் சொன்னது. யாருக்கும் சிரிக்கத் துணிச்சலில்லை.

ராஜா காலி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்பலவாணரே, ஒருவேளை சோறு இல்லாததற்கே எனக்குக் கண்ணை இருட்டுகிறது. விதைநெல்லைக் கொடுத்துவிட்டு அந்த ஜனங்கள் எதைத் தின்பார்கள்?"

"இதைத்தான், மகாராஜா. எவ்வளவு பரிமாறினாலும் தீராது."

ராஜாவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நானும் பெரிய மனிதனாகக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "விதைநெல்லில் யாரும் கை வைக்கக் கூடாது. இப்போது நிஜச் சோற்றைக் கொண்டுவாரும்!"

வணிகர்கள் வந்தார்கள். அரண்மனையில் அவர்களுக்குக் கம்பங்கூழும் மோரும் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வணிகர் தலைவர் நேராக அம்பலவாணரைக் கேட்டார். "பத்து வருடத்தில் உங்கள் நாடு எப்படி இருக்கும்?"

அம்பலவாணர் கைகூப்பினார்.

"தெரியாது, ஐயா. நான் சொன்னது எதுவும் இதுவரை நடந்ததில்லை. ஆடியில் விதைப்போம் என்பது மட்டும் தெரியும். வேண்டுமானால் விதைநெல்லைக் காட்டுகிறேன்."

தலைவர் சிரித்துவிட்டார். "போன இடமெல்லாம் பொன்னோட்டுக் கதைதான் கேட்டோம். வாருங்கள், நெல்லைப் பார்ப்போம்." குதிருக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்தவர், மறுநாளே துறைமுகத்துக்கு இடம் பார்க்கக் கிளம்பினார்.

ராஜா தன் கைக் காப்பைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டு, அவரைக் களஞ்சியத்துக்கு அமைச்சராக்கினார். பிறகு கீர்த்திசாகரர் பக்கம் திரும்பினார்.

"நீர் ஆசைப்பட்ட வருங்காலப் பதவி, எடுத்துக்கொள்ளும். சொன்னது நடந்தால் சம்பளம். நடக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பிட்டீரே, அதையே வருடம் முழுக்கச் சாப்பிடும்."

அடுத்த தையில் சபையில் எழுந்த கீர்த்திசாகரர் நெடுநேரம் தொண்டையைச் செருமினார். பொன்னோடு அவர் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது.

"மகாராஜா, வரும் ஆண்டு... மழை பெய்தால் விளையும்," என்றார்.

ஓங்கல் நாட்டில் பலித்த முதல் கணிப்பு அதுதான்.