வேரைக் கழுவியவர்

மண் சரிந்துபோன மலைச்சரிவில் மடத்துக்காரர்கள் அறுபது குங்கிலியக் கன்றுகள் நட்டார்கள். கோடை வருவதற்குள் ஐம்பத்தேழு பட்டுப்போயின.

பழி, பரப்பி என்ற பெண்ணின் மேல் விழுந்தது. மேல்காட்டில் காணிப் பழங்குடியினர் வாழும் குடியிருப்பிலிருந்து கன்றுகளைச் சுமந்து வந்தவள் அவள்தான். "அழுகின கன்னை நம்ம தலையில கட்டிட்டா" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழச் சொன்னவர் சீடர் தாணு. பரப்பி பாதிச் சோற்றில் எழுந்து போனாள். பிறகு மடத்துப் பக்கம் வரவில்லை.

தாணு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். உத்தியோகம்தான் ஓய்ந்தது, அழுக்கைத் தேடும் கண் ஓயவில்லை. குரு தவமணியம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

அன்று அம்மை அவரைச் சரிவுக்கு அழைத்துப்போனார். பட்ட கன்று ஒன்றைப் பிடுங்கச் சொன்னார். பிழைத்த கன்றின் வேரடி மண்ணை விலக்கச் சொன்னார்.

"என்ன தெரியுது?"

"உயிருள்ள வேர்ல வெள்ளையா நூல் நூலா இருக்கு. செத்ததுல இல்ல."

"ஏன் இல்ல?"

தாணு பட்ட கன்றைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க."

"நான்தான் கழுவினேன். பூசணம்னு நெனச்சு, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச தண்ணியில ஒவ்வொரு வேரையும் அலசினேன்."

"இந்த மூணு?"

"தண்ணி தீந்துபோச்சு."

"பரப்பி ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா. மண்ணைக் கழுவாதீங்க, அந்த நூல்தான் வேருக்குத் தண்ணி கொண்டுவரும்னு சொன்னா. காட்டுக்காரிக்கு என்ன தெரியும்னு இருந்துட்டேன்."

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. செத்த வேரைப் பார்க்க முடியவில்லை. அம்மையையும் பார்க்க முடியவில்லை.

"இந்தச் சரிவுல இருந்த நூலெல்லாம் சரிஞ்ச மண்ணோட போயிடுச்சு" என்றார் அம்மை. "அடுத்த நடவுக்குப் பெரிய குங்கிலிய மரத்தடி மண், நூலோட, ஒரு கூடை வேணும்."

"பரப்பி குடிசைக்குப் பின்னால நிக்கிற மரமா?"

"அதேதான்."

"வேற யாரையாவது அனுப்புங்க அம்மா. நான் மூணு நாள் உபவாசம் இருக்கேன்."

"நீங்க பட்டினி கிடந்தா கன்னு துளிர்க்குமா?"

அம்மை கூடையை நீட்டினார். தாணு வாங்கிக்கொண்டார். கையெல்லாம் மண், வேட்டியெல்லாம் மண். வழக்கம்போல ஓடைப் பக்கம் திரும்பினார்.

"எங்க போறீங்க?"

"குளிச்சு, துணி மாத்திட்டுக் கிளம்புறேன்."

"வேண்டாம். மண்ணைக் கழுவாதீங்கன்னு அவ உங்ககிட்ட ஒரு தடவை சொல்லியாச்சு."