கானல்பட்டியில் பனிநாய்க்குப் பொருத்தம் பார்த்த கதை

கானல்பட்டியில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. மற்றதைப் பற்றி நாம் பேசாமல் இருப்பது நல்லது. அந்த ஊரில் அய்யாவு, சோலைமலை, தவசி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். பெரியவர்கள் சொன்ன சொல்லை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் செய்கிறவர்கள். ஊருக்கு இதுவரை ஏற்பட்ட சேதமெல்லாம் அதனால் வந்ததுதான்.

கடைசித் தம்பி தவசிக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. போன இடத்திலெல்லாம் பஜ்ஜியைக் கொடுத்து, பொருத்தம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் ஒருநாள் டவுனில் அரிசி மில் முதலாளி தனுஷ்கோடியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏசி அறைக்குள்ளிருந்து கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய் வந்தது. பனி நாட்டில் வண்டி இழுக்கிற சாதி. அங்கே நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு, நேராக வந்து தவசியின் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. தவசிக்கு அழுகை வந்துவிட்டது. அவனைப் பார்த்ததும் பிடித்துப்போன முதல் ஜீவன் அதுதான்.

முதலாளி தன் மகனோடு இருக்கச் சிங்கப்பூர் போகிறார். நாயை நல்ல இடமாகப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். "சும்மாவே தர்றேன் தவசி. ஆனா டாக்டரம்மாகிட்ட கேட்டு, உங்க வீட்டுக்குப் பொருத்தமான்னு பாத்துட்டு வாங்க," என்றார். பொருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் தவசி, பஜ்ஜித் தட்டு வருகிறதா என்று அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

அண்ணன்மாருக்கு வேறு ஆசை. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டிலேயே நாட்டு நாய்தான். நம் வாசலில் நீலக் கண் நாய் நின்றால் டவுன் பஸ்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகும் என்றான் சோலைமலை.

கால்நடை டாக்டர் மங்கையர்க்கரசி ஓர் எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டே விவரம் சொன்னார். வீடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கயிற்றில் கட்டிப்போடக் கூடாது. பனியில் சக்கரமில்லாத வண்டியை இழுத்துப் பழகிய சாதி, அதனால் தினமும் வேலை கொடுக்க வேண்டும். கடைசியாக, "நீங்களே அந்த நாயா இருந்தா கானல்பட்டி வெயில் தாங்குமான்னு ஒருநாள் பாருங்க. அப்பத் தெரியும்," என்றார். மூவரும் ஒரு சொல்லும் சிந்திவிடாமல் அதை ஒருவருக்கொருவர் ஒப்பித்தபடியே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

பொருத்தம் என்று வந்துவிட்டதால் முதலில் சோசியரிடம் போனார்கள். வீட்டுக்கு வருவது நாய் என்பதால் நாய்தான் பெண், வீடுதான் மாப்பிள்ளை என்று அய்யாவு முடிவு செய்தார். நாய் கடுவன் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாய் பிறந்த நட்சத்திரம் ரேவதி, அதற்குரிய மிருகம் யானை என்றார் சோசியர். நாயைக் கேட்டால் யானையையே தருகிறார்களே என்று சோலைமலை பூரித்துப்போனான். வீட்டில் பால் காய்ச்சிய நாள் மகம், அதற்குரிய மிருகம் எலி. அது சாதகம் பார்க்காமலே தெரிந்த விஷயம்தான்.

சோசியர் விரல் விட்டு எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரஜ்ஜு இல்லையே."

தவசிக்கு உயிர் போய்விட்டது. அவன் கல்யாணங்களைக் கெடுத்ததும் இதே ரஜ்ஜுதான்.

"ரஜ்ஜுன்னா என்னங்க?" என்று கேட்டார் அய்யாவு.

"கயிறு."

"கயிறு இல்லையா?"

"சுத்தமா இல்லை."

அய்யாவு எழுந்து சோசியரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "டாக்டரம்மாவும் கயிறே கூடாதுன்னுதான் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்லிட்டீங்க." தட்சிணையை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சோசியர் மறுபடியும் முதலிலிருந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

அடுத்தது குளிர்ச்சி. மீன் மார்க்கெட்டிலிருந்து பெரிய ஐஸ் பாளம் ஒன்றை வாங்கி வந்து நடுக்கூடத்தில் வைத்தார்கள். சாயங்காலம்வரை அது இருந்தால் வீடு குளிர்ச்சி என்று அர்த்தம். யாரும் தொடாமலிருக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு மூவரும் வெளியே காவல் உட்கார்ந்தார்கள். திறந்து பார்த்தால் ஐஸைக் காணோம்.

"பூட்டு பூட்டினபடிதான இருக்கு. எப்படிப் போச்சு?" என்றார் அய்யாவு.

சோலைமலை குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தான். "ஈரமா இருக்குண்ணே. தனியா வச்சுப் பூட்டினதுல பயந்து ஒண்ணுக்குப் போயிருக்கு. அப்புறம் சாக்கடை வழியா ஓடியிருக்கு."

புது இடம் என்றால் அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் பழகியிருக்கும் என்று அய்யாவு வருத்தப்பட்டார். ஐஸ் அவசரப்பட்டுவிட்டதால் வீட்டின் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது.

மிச்சமிருந்தது ஒருநாள் நாயாக இருந்து பார்ப்பதுதான். அய்யாவு குடும்பத்துக்கு மூத்தவர், அவரை நாயாக்கினால் மரியாதையாக இருக்காது. சோலைமலை வெள்ளிக்கிழமை விரதக்காரன். தவசி தானாகவே முன்வந்தான். இதில் தேறிவிட்டால் நாய் வந்துவிடும் என்ற நினைப்பே அவனுக்குப் போதுமாக இருந்தது.

நாய்க்கு முடி அடர்த்தி என்பதால் இரண்டு கம்பளியை அவன்மேல் போர்த்தித் தைத்தார்கள். மாட்டு வண்டியின் சக்கரங்களைக் கழற்றிப்போட்டு நுகத்தடியை அவன் கழுத்தில் வைத்தார்கள். சித்திரை மாதத்து உச்சிவெயில். தவசி இழுத்தான். வண்டி அசையவில்லை. மறுபடி இழுத்தான், கண் இருட்டிக்கொண்டு வந்தது. மடியில் வந்து கிடந்த அந்தத் தலையை நினைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தான்.

"நாக்கு வெளிய வந்திருச்சுண்ணே," என்றான் சோலைமலை.

"வரணும். அதான் முறை," என்று அய்யாவு திருப்தியாகத் தலையாட்டினார்.

தவசி விழுந்தான். நாயாக இருக்கும்போது விழுந்ததால் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் ஓடிவந்து, கம்பளியைக் கிழித்துத் தண்ணீர் ஊற்றி, அண்ணன்மார் இருவரையும் வாயில் வந்தபடி திட்டிவிட்டு, முதலில் இவனைக் குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். அவர் ஆஸ்பத்திரியைத்தான் சொன்னார். அவர்களுக்குத் தெரிந்த குளிர்ச்சியான இடம் ஒன்றுதான். தவசியை மினி லாரியில் ஏற்றி, மில் முதலாளியின் ஏசி அறையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டார்கள்.

தவசி கண் விழித்தபோது நாய் அவன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் விம்மினான். "மொதலாளி, எங்க வீடு இதுக்கு ஆகாதுங்க. நான் அரை நாள் நாயா இருந்து பாத்துட்டேன். இது செத்துப்போயிரும். வேற யாருக்காவது குடுத்துருங்க." அவன் ஆயுளில் பேசிய ஒரே புத்திசாலித்தனமான பேச்சு இது. பேசி முடித்த பிறகும் நாயின் கழுத்தை அவன் விடவில்லை.

முதலாளி, கொடைக்கானலில் இருக்கும் தன் அக்கா நாயை வைத்துக்கொள்ளத் தயார் என்றும், பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை என்றும் சொல்லி, "நீ கூடப் போறியா?" என்று கேட்டார். தவசி எழுந்து செருப்பைத் தேடினான்.

மார்கழியில் தவசி போன் செய்தான். நாய் காட்டுப் பாதையில் அவனை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, ராத்திரியில் அவன் கால்மேல்தான் தூங்குகிறது, குளிர்தான் எலும்பைக் குடைகிறது, ஆனாலும் ஊருக்கு வரமாட்டேன் என்றான். அண்ணன்மாருக்கு மனசு கேட்கவில்லை. இங்கே கேட்பாரற்றுக் கிடக்கிற வெயில், அங்கே தம்பிக்கு இல்லையே என்று உருகிப்போனார்கள்.

பெரிய பீங்கான் ஜாடியை மொட்டை மாடியில் உச்சிவெயிலில் திறந்து வைத்து, நிறைந்ததும் துணியால் இறுக்கி வேடு கட்டி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு இருவரும் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தார்கள். ஜாடியைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு அய்யாவு அக்கறையோடு சொன்னார்:

"தெனமும் கொஞ்சமா எடுத்துக்க தவசி. ஈரக் கையை மட்டும் உள்ள விட்டுறாத, கெட்டுப்போயிரும்."